பெட்ரோல் லாரியில் ஏறிய ஜெர்மன் சொற்கள்

மொழிபெயர்ப்பு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கதையும் கவிதையும்தான். யாரும் கவனிக்காமல் நடக்கும் இன்னொரு மொழிபெயர்ப்பு இருக்கிறது. வால்வு, மூடி, குழாய், நட்டு, போல்ட்டு இவற்றின் பெயர்களை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது. கதையில் ஒரு சொல் தவறினால் ரசனை போகும். இங்கே தவறினால் பெட்ரோல் கொட்டும்.

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். ஜெர்மன்காரர்கள் எரிபொருள் கேனுக்கும் டேங்கர் லாரியின் பாகங்களுக்கும் வைத்த பெயர்கள் ஆங்கிலத்துக்கு எப்படிப் போயின, வழியில் என்னென்ன ஆயின என்று பார்ப்போம். கொஞ்சம் போர் வரலாறு, கொஞ்சம் மெக்கானிக்கல், கொஞ்சம் அகராதி. மூன்றும் பிடிக்காதவர்கள் கூட முதல் கதையை மட்டுமாவது படித்துவிடுங்கள் :-)

ஜெர்மன்காரன் டப்பா

ராணுவ ஜீப்புகளின் பின்பக்கம் தொங்கும் 20 லிட்டர் இரும்பு கேனைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் பெருக்கல் குறி போல ஒரு பள்ளம், மேலே மூன்று கைப்பிடிகள். ஆங்கிலத்தில் இதற்கு ஜெர்ரி கேன் என்று பெயர். 'ஜெர்ரி' என்பது பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஜெர்மானியருக்கு வைத்த பட்டப்பெயர். ஆக, 'ஜெர்மன்காரன் டப்பா' என்பதுதான் அதன் நேர்ப்பொருள்.

ஜெர்மானியர் அதற்கு வைத்த பெயர் வேறு: வேர்மாக்ட் ஐன்ஹைட்ஸ்கனிஸ்டர். வேர்மாக்ட் என்றால் ராணுவம். ஐன்ஹைட் என்றால் ஒருமை, அதாவது எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே தரம். கனிஸ்டர் என்றால் கேன். இந்தக் கடைசிச் சொல்லில்தான் முதல் பொறி இருக்கிறது. ஆங்கிலத்திலும் 'கேனிஸ்டர்' உண்டு. ஆனால் அங்கே அது பெரும்பாலும் டீத்தூள், காப்பித்தூள் போட்டு வைக்கும் டப்பா. பழைய பீரங்கிக் காலத்தில் குண்டுகளை அடைத்துச் சுடும் தகரக் குப்பிக்கும் அதே பெயர். இரண்டு மொழிச் சொல்லும் நாணல் கூடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தவை. ஒரே கூடை ஜெர்மனியில் பெட்ரோல் கேன் ஆனது, இங்கிலாந்தில் டீத்தூள் டப்பா ஆனது.

1937ல் ஷ்வெல்ம் நகரத்தில் இருந்த முல்லர் என்ற நிறுவனம் இந்தக் கேனை உருவாக்கியது. வடிவமைத்தவர் அதன் தலைமைப் பொறியாளர் வின்சென்ஸ் க்ரூன்ஃபோகல். பார்க்கச் சாதாரண டப்பா. ஆனால் ஒவ்வொரு அம்சத்துக்கும் காரணம் உண்டு. இரண்டு அரைப்பகுதிகளை அழுத்தி எடுத்து நடுவில் வெல்டிங் செய்தார்கள். அதனால் ஒழுகும் மூலைகள் குறைவு. பக்கத்துப் பள்ளம் வெயிலில் எரிபொருள் விரியும்போது தகடு வளைந்து கொடுக்க உதவியது, தகட்டுக்கு வலுவும் தந்தது. மூன்று கைப்பிடி இருந்ததால் நிறைந்த கேனை ஒருவர் நடுப்பிடியில் தூக்கலாம், இருவர் ஓரப்பிடிகளில் பிடிக்கலாம், காலிக் கேன்கள் இரண்டை ஒரே கையில் கொண்டு போகலாம். மூடி நெம்புகோல் போல அழுத்தினால் பூட்டிக்கொள்ளும்; ஸ்பேனர் வேண்டாம். வாய்க்குள் சிறிய காற்றுக்குழாய் ஒன்று இருப்பதால் ஊற்றும்போது 'குளுக் குளுக்' என்று துள்ளாது. மேலே எப்போதும் கொஞ்சம் காற்று தங்கும், அதனால் நிறைந்த கேனும் தண்ணீரில் மிதக்கும்.

எதிரே பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்தது 4 காலன் தகர டின். அதற்கு சிப்பாய்களே வைத்த பெயர் 'ஃப்ளிம்சி', அதாவது சொத்தை! வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் லாரி குலுங்கும் குலுக்கலில் தையல் விட்டு ஒழுகியது. கிடங்கிலிருந்து வண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் 30 சதவீதம் வரை வீணானது என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள். காலி டின்னை வெட்டி, மணல் நிரப்பி, பெட்ரோல் ஊற்றி அடுப்பாக்கி டீ போடத்தான் அது நன்றாகப் பயன்பட்டது. ஆகவே ஜெர்மன் கேன் கையில் கிடைத்தால் விடவே மாட்டார்கள்.

தண்ணீருக்கும் அதே வடிவக் கேன்தான். தண்ணீர்க் கேனில் ஜெர்மானியர் பெரிய வெள்ளைச் சிலுவைக் குறி போட்டிருந்தார்கள். கைப்பற்றியவனுக்கு ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை. இந்தக் கதை முழுவதிலும் மொழிபெயர்ப்பே தேவைப்படாத ஒரே 'சொல்' அதுதான்.

பொருளையே தப்பாக மொழிபெயர்த்தவர்கள்

பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1939ல் ஜெர்மனியிலிருந்து இந்தியாவுக்குக் காரிலேயே கிளம்பினார். கூட ஒரு ஜெர்மன் நண்பர். வழிக்குத் தண்ணீர் வேண்டுமே என்று அந்த நண்பர் பெர்லின் டெம்பெல்ஹோஃப் விமான நிலையக் கிடங்கிலிருந்து இந்தக் கேன் மூன்றை எடுத்து வந்தார். பாதி வழியில் அவரை ஜெர்மனி திரும்ப அழைத்துக்கொண்டது. போகும் முன் கேனின் தயாரிப்பு விவரங்களை ப்ளைஸிடம் சொல்லிவிட்டார். ப்ளைஸ் தனியாகக் கல்கத்தா வரை ஓட்டி வந்து, பிறகு அமெரிக்கா திரும்பி ராணுவ அதிகாரிகளிடம் சொன்னார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு அமெரிக்க ராணுவமும் இதைப் பார்த்து ஒரு கேன் செய்தது. அளவு அதே, உருவம் அதே, கைப்பிடிகள் அதே. ஆனால் வெல்டிங்குக்குப் பதிலாகத் தகட்டை மடித்த தையல். உள்பூச்சு இல்லை. நெம்பு மூடிக்குப் பதிலாகத் திருகு மூடி. திறக்க ஸ்பேனர் வேண்டும், ஊற்றப் புனல் வேண்டும். மூலத்தின் எழுத்துகளையெல்லாம் வைத்துக்கொண்டு அர்த்தத்தை விட்டுவிட்ட மொழிபெயர்ப்பு இது! பிரிட்டிஷார் மூலத்துக்கு விசுவாசமாக, அச்சு அசலாக நகல் எடுத்தார்கள். 1943 வாக்கில் அந்த நகல்கள் வட ஆப்பிரிக்காவுக்கு லட்சக் கணக்கில் போய்ச் சேர்ந்தன.

1944ல் நேசநாட்டுப் படைகள் பிரான்சைக் கடந்து பாய்ந்தபோது எரிபொருளில் பெரும்பகுதி இந்தக் கேன்களில்தான் போனது. சிப்பாய்கள் காலிக் கேனை வழியில் வீசிவிட்டுப் போனதால் தட்டுப்பாடு வந்து, பொறுக்கித் தரும்படி பிரெஞ்சு மக்களிடம் கேட்க வேண்டியதாயிற்று. இந்தக் கேன்கள் இல்லாமல் அந்த வேகம் முடிந்திருக்காது என்று அதிபர் ரூஸ்வெல்ட்டே சொன்னார்.

பொருளுக்கு நடந்த இந்தக் கதைதான் சொல்லுக்கும் நடக்கிறது. வெளித்தோற்றத்தை மட்டும் பெயர்த்தால் ஒழுகும். உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துப் பெயர்த்தால் நிற்கும்.

கெஸலும் பவுசரும்

அடுத்து கேனிலிருந்து லாரிக்கு. போர்க்காலத்தில் ஜெர்மன் விமானப்படை ஓப்பல் ப்ளிட்ஸ் லாரியின் மேல் எரிபொருள் டேங்க் வைத்து விமானங்களுக்கு நிரப்பியது. அதன் பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்: ஃப்ளூக்பெட்ரீப்ஸ்டோஃப் கெஸல்கிராஃப்ட்வாகன்.

பயப்பட வேண்டாம், பிரித்தால் எளிது. ஃப்ளூக் என்றால் பறத்தல். பெட்ரீப்ஸ்டோஃப் என்றால் இயக்குவதற்கான பொருள். கெஸல் என்றால் கொப்பரை. கிராஃப்ட்வாகன் என்றால் மோட்டார் வண்டி. 'பறப்பதற்கான இயக்குபொருளைக் கொண்ட கொப்பரை மோட்டார் வண்டி'. அப்படியே மொழிபெயர்த்தால் எந்த பைலட்டும் சிரிப்பான். அதே பொருளுக்கு பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த பெயர் இரண்டே அசை: பவுசர்.

பவுசர் என்பது ஒரு மனிதரின் பெயர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வேய்ன் ஊரில் எஸ். எஃப். பவுசர் என்பவர் 1885ல் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றும் பம்பு ஒன்றைச் செய்து விற்றார். பிறகு பெட்ரோல் பம்புக்கு அவர் பெயரே ஆகுபெயர் ஆகி, அங்கிருந்து டேங்கர் வண்டிக்கும் தாவியது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் 'எரிபொருள் பவுசர்', 'தண்ணீர் பவுசர்' என்று வருவதும் இதே பவுசர்தான். ஜெர்மன்காரன் ஐந்தாறு சொற்களைக் கோத்து விளக்கிய பொருளுக்கு ஆங்கிலேயன் ஓர் அமெரிக்கரின் பெயரை வைத்தான். இந்த இரண்டுக்கும் நடுவே பாலம் போடுவதுதான் மொழிபெயர்ப்பாளர் வேலை.

பெட்ரீப்ஸ்டோஃப் என்பதிலும் ஒரு சிக்கல். அது பெட்ரோல் மட்டுமல்ல, ஆயிலும் மசகும் சேர்ந்த மொத்தம். 'இத்தனை டன் பெட்ரீப்ஸ்டோஃப் இருக்கிறது' என்ற வரியை 'இத்தனை டன் பெட்ரோல்' என்று பெயர்த்தால், எதிரியின் டாங்கி எத்தனை மைல் ஓடும் என்ற கணக்கே மாறிவிடும். இதற்காகவே அமெரிக்கப் போர்த்துறை 1944 மே மாதம் ஜெர்மன் ராணுவ அகராதி ஒன்றை அச்சிட்டது. மேரிலாந்தில் இருந்த ரிட்சி முகாமில், ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் அகதியாக வந்த பல யூத இளைஞர்கள் விசாரணைக்கும் மொழிபெயர்ப்புக்கும் பயிற்சி பெற்றார்கள். அவர்களுக்கு ஜெர்மன் தாய்மொழி. ஆனால் அம்மா பேசிய ஜெர்மனில் வால்வின் பெயர் இருக்காதே! தாய்மொழி தெரிவதும் தொழில்மொழி தெரிவதும் வேறு வேறு.

போர் முடிந்த 1945ல் பிரிட்டிஷ், அமெரிக்கக் குழுக்கள் ஜெர்மன் ஆலைகளுக்கே போயின. நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் ஆலைகளின் ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்தார்கள். இந்தக் குழுக்களில் பொறியாளர்களும் இருந்தார்கள். வெறும் அகராதியை அனுப்பவில்லை, கண்ணால் பார்க்கத் தெரிந்த ஆட்களை அனுப்பினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஒரு டேங்கரைச் சுற்றி வருவோம்

அமைதிக் காலத்தில் இந்தச் சொற்கள் சட்டத்துக்குள் வந்தன. ஆபத்தான சரக்குகளைச் சாலை வழியே நாடு விட்டு நாடு கொண்டுபோவதற்கான ஒப்பந்தம் ஜெனீவாவில் 1957 செப்டம்பர் 30 அன்று உருவாகி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சுருக்கமாக ஏ.டி.ஆர். ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டது. டேங்க் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் அடங்கிய இணைப்புகள் முதலில் பிரெஞ்சில் மட்டுமே. ஜெர்மன் லாரி, பிரெஞ்சு விதி, ஆங்கிலேய வாடிக்கையாளர்! பின்னாளில் ஐரோப்பியத் தர ஆவணங்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளிலும் அதிகாரபூர்வமாக வரத் தொடங்கியதால் ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று பெயர்களை நிலைநிறுத்த வேண்டி வந்தது.

முதலில் 'ஃபிட்டிங்ஸ்' என்ற சொல்லே. ஜெர்மனில் ஆர்மாட்டூரன். பார்த்தவுடன் 'ஆர்மேச்சர்' என்று எழுதத் தோன்றும். ஆனால் ஆர்மேச்சர் என்றால் மோட்டாருக்குள் காயில் சுற்றிய பாகம் என்பது நம் ஊர் வைண்டிங் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். இரண்டும் ஆயுதக் கருவிகளைக் குறித்த ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்து, வேறு வேறு வழியில் போய்விட்டவை. தலைப்பிலேயே இப்படித் தடுக்கி விழுபவர் உள்ளே என்ன செய்வார்?

லாரியின் மேலே ஏறினால் டோம்டெக்கெல். டெக்கெல் என்றால் மூடி. டோம் என்று அகராதியில் தேடினால் முதலில் வருவது 'பேராலயம்'. தொழிலில் அது டேங்கின் மேல் எழும்பிய வாய்ப்பகுதி. ஆங்கிலத்தில் மேன்ஹோல் மூடி. அந்தப் பெரிய மூடிக்குள்ளேயே நிரப்புவதற்கான சின்ன மூடி ஒன்றும் இருக்கும். ஆங்கிலத் தர ஆவணங்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். ஜெர்மன் டிரைவர் பேச்சில் இரண்டையும் சேர்த்து டோம்டெக்கெல் என்றே சொல்லிவிடுவார். எது என்று கேட்டுத்தான் எழுத வேண்டும்.

கீழே குனிந்தால் போடன்வென்டில். போடன் என்றால் தரை, அடிப்பகுதி. ஆங்கிலத்தில் ஃபுட் வால்வு. ஜெர்மன்காரன் தரை என்றான், ஆங்கிலேயன் கால் என்றான். நம் ஊர்க் கிணற்றில் உறிஞ்சு குழாயின் அடியில் மாட்டும் ஃபுட் வால்வு வேறு. அது தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது. டேங்கரில் இருப்பது டேங்கின் அடியில், உள்பக்கமாக உட்கார்ந்திருக்கும் அடைப்பான். விபத்தில் கீழே உள்ள குழாய்கள் பிய்த்துக்கொண்டு போனாலும் டேங்குக்குள் இருப்பது வெளியே வராமல் காப்பது அதுதான்.

அதை ஒட்டி இன்னொரு அருமையான சொல்: ஸோல்புருக்ஷ்டெல்லெ. 'உடைய வேண்டிய இடம்' என்று பொருள். மோதினால் குழாய் எங்கே உடைய வேண்டும் என்று முன்பே தீர்மானித்து அங்கே ஒரு காடி வெட்டி வைப்பார்கள். அங்கே உடைந்தால் வால்வு தப்பும், டேங்க் தப்பும். இதை வெறுமனே 'உடைப்பு இடம்' என்று மொழிபெயர்த்தால் படிக்கிற மெக்கானிக் குறை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம்! 'வேண்டிய' என்ற ஒரு சொல்லில் உயிர் இருக்கிறது.

குழாயை இணைக்கும் கப்ளிங்கில் ஒரு குடும்பக் கதை. ஜெர்மனில் ஒன்று ஃபாட்டர்குப்ளுங், இன்னொன்று முட்டர்குப்ளுங். அப்பா கப்ளிங், அம்மா கப்ளிங்! ஆங்கிலத்தில் ஆண், பெண் என்று எழுதுவார்கள். ஆனால் முட்டர் என்றால் ஜெர்மனில் போல்ட்டில் மாட்டும் நட்டு என்றும் பொருள். ஒரே பக்கத்தில் ஒரு முட்டர் பெண் கப்ளிங், அடுத்த முட்டர் நட்டு. படம் இல்லாமல் எது எது என்று எப்படித் தெரியும்? இந்த வகைக் கப்ளிங்குக்கு 'டி.டபிள்யூ' என்று பெயர். டாங்க்வாகன் என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. ஐரோப்பியத் தரத்தின் ஆங்கிலப் பதிப்பிலும் அந்த இரண்டு எழுத்தை மாற்றவில்லை.

அந்த 'டாங்க்' ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்குப் போனது. ஆங்கிலத்துக்கு அது குஜராத்தி, மராத்தி பக்கத்து நீர்த்தொட்டிச் சொல்லிலிருந்து, போர்ச்சுகீசியச் சொல்லின் செல்வாக்கோடு வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. நம் ஏரிகளை வெள்ளைக்காரர்கள் ஆவணங்களில் 'டேங்க்' என்று எழுதியது நினைவிருக்கிறதா? அதே சொல்தான்.

இரண்டு சுவர்கள், இரண்டு பூட்டுகள்

இதுவரை சிரித்துக்கொண்டே வந்தோம். இனி வருபவை அப்படியல்ல.

டேங்கருக்குள் இரண்டு வகைத் தடுப்புகள் உண்டு. டிரென்வாண்ட் என்றால் பிரிக்கும் சுவர். முழுவதும் அடைத்திருக்கும். ஒருபக்கம் பெட்ரோல், மறுபக்கம் டீசல் வைக்கலாம். ஷ்வால்வாண்ட் என்றால் அலையடக்கும் சுவர். அதில் திறப்புகள் இருக்கும், திரவம் இருபுறமும் போய்வரும். அரை டேங்க் சரக்கோடு பிரேக் அடித்தால் உள்ளே இருக்கும் பல டன் திரவம் முன்னால் பாய்ந்து லாரியைத் தள்ளும். அந்தப் பாய்ச்சலை உடைப்பதற்குத்தான் இது. ஏ.டி.ஆர் விதிப்படி, இந்த இரண்டில் ஏதாவது ஒன்றால் 7,500 லிட்டருக்கு மேற்படாத பகுதிகளாகப் பிரிக்கப்படாத டேங்க் என்றால், திரவத்தை 80 சதவீதத்துக்குக் குறையாமல் அல்லது 20 சதவீதத்துக்கு மேற்படாமல்தான் நிரப்ப வேண்டும். நடுவில் கூடாது.

இப்போது ஒரு மொழிபெயர்ப்பாளர் இரண்டு 'வாண்ட்'டையும் 'தடுப்புச் சுவர்' என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். படிப்பவர் அலையடக்கும் சுவரின் இருபக்கமும் இரண்டு சரக்கை நிரப்பச் சொன்னால், டீசலும் பெட்ரோலும் கலந்துவிடும். கலந்தது மண்ணெண்ணெய் மாதிரி சாதுவாக இருக்காது, பெட்ரோல் மாதிரியே பற்றும்.

இன்னொரு ஜோடி: ஊபர்ஃப்யூல்ஸிஷெருங், ஆப்ஃப்யூல்ஸிஷெருங். இரண்டையும் அவசரத்தில் 'வழியாமல் தடுக்கும் சாதனம்' என்று எழுதிவிடலாம். முதலாவது, கிடங்கில் சரக்கு ஏற்றும்போது லாரியின் டேங்க் வழியாமல் காப்பது. இரண்டாவது, லாரியிலிருந்து வாடிக்கையாளர் வீட்டு டேங்குக்கு இறக்கும்போது அந்த டேங்க் வழியாமல் காப்பது. ஜெர்மனியில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் இப்படித்தான் வருகிறது; வழிந்தால் வீட்டின் அடித்தளமே எண்ணெய்க் குளம். ஊபர் என்றால் மேலே, மிஞ்சி. ஆப் என்றால் விட்டு, கழித்து. ஒரு முன்னொட்டில் திரவம் போகும் திசையே மாறிவிடுகிறது.

அந்த வீட்டு டேங்கில் இருக்கும் உணரியின் பெயர் கிரென்ட்ஸ்வேர்ட்கேபர், 'எல்லை மதிப்பைத் தருவது'. அதன் நுனியில் இருப்பது கால்ட்லைட்டர், 'குளிர் கடத்தி'. ஆங்கிலத்தில் இது தெர்மிஸ்டரில் ஒரு வகை. ஆனால் ஜெர்மன் பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. மின்சாரம் பாய்ச்சிச் சூடாக வைத்திருப்பார்கள். சூட்டில் மின்தடை அதிகம். எண்ணெய் ஏறி நுனியைத் தொட்டதும் குளிர்ந்து, மின்தடை சட்டென்று குறையும். லாரி உடனே வால்வை மூடும். 'குளிர் கடத்தி' என்று ஆங்கிலத்தில் அப்படியே எழுதினால் யாருக்கும் புரியாது. ஆனால் அந்தப் பெயரைப் புரிந்துகொள்ளாத மொழிபெயர்ப்பாளருக்கு அடுத்த பத்து வரியும் புரியாது.

சில சமயம் ஆங்கிலம்தான் ஏழை. பெட்ரோல் பங்கின் நிலத்தடி டேங்கில் லாரி சரக்கை இறக்கும்போது அங்கிருந்த ஆவி குழாய் வழியே லாரிக்குத் திரும்புவதை ஜெர்மனில் காஸ்பெண்டலுங் என்பார்கள். வாயு பெண்டுலம் போல அங்கும் இங்கும் ஆடுகிறது! காருக்கு நிரப்பும்போது வரும் ஆவியை உறிஞ்சித் திருப்புவது காஸ்ரூக்ஃபூருங். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஆவி மீட்பு' என்ற ஒரே பெயர்தான். ஆகவே முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று எண் போட்டுப் பிரிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முதல் கட்டத்துக்கு 1994லும் இரண்டாம் கட்டத்துக்கு 2009லும் தனித்தனி உத்தரவு போட்டது. எண்ணை விட்டுவிட்டால் எந்தச் சட்டம் என்றே தெரியாது.

முடிவாக

இன்று இயந்திர மொழிபெயர்ப்பு பக்கம் பக்கமாகச் சரளமாக எழுதித் தள்ளுகிறது. முன்பெல்லாம் தவறான மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருக்கும், பார்த்தவுடன் சந்தேகம் வரும். இப்போது தவறும் வழுவழுப்பாகவே இருப்பதால் கண்ணில் படுவதில்லை. ஸ்பேனர் இல்லாமல் திறக்க முடியாத அந்த அமெரிக்க கேன் கூட, வெளியிலிருந்து பார்க்க ஜெர்மன் கேன் மாதிரியேதான் இருந்தது.

ஜெர்மனோ ஜப்பானியமோ கற்றுத் தொழில்நுட்ப மொழிபெயர்ப்புக்குப் போக நினைக்கும் நண்பர்களுக்கு: அகராதியைத் திறக்கும் முன் பாகத்தின் படத்தைக் கேளுங்கள். திரவம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது, எதைத் திறந்தால் எது மூடும் என்று கேளுங்கள். அது தெரிந்துவிட்டால் சொல்லைத் தேடுவது பெரிய வேலையில்லை. உங்கள் வரியை நம்பி வால்வைத் திருப்பப் போகிறவர் உங்களை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. அவர் கையில் இருப்பது அந்த ஒரு வரி மட்டும்தான்.